மயன் மயக்கம்

"அவ்வளவும் நம்முடையது!" என்றார் அவர். அரங்கு அதிர்ந்தது. கைதட்டல் ஓயச் சற்று நேரம் பிடித்தது.

மெக்சிகோ நாட்டுக்குச் சுற்றுலா சென்று திரும்பிய செல்வர் அவர். யுகத்தான் காட்டிலே ஓங்கி நிற்கும் படிக்கட்டுக் கோபுரங்களின் முன் நின்று எடுத்துக்கொண்ட படங்களைத் திருவள்ளூரிலே ஒரு மாலைக் கூட்டத்தில் திரையிட்டுக் காட்டினார். படங்கள் அழகு. பேச்சும் அழகுதான். "மாயர் என்று அந்த மக்களைச் சொல்கிறார்கள். யார் அந்த மாயர்? நம் மயன் வழிவந்தவர்! தென்னாட்டுச் சிற்பி மயன் கடல் கடந்து சென்று எழுப்பிய நகரங்கள் இவை. உலகுக்கே கட்டடக் கலையைக் கற்றுக்கொடுத்தவன் தமிழன்!" — இதுதான் பேச்சின் சாரம். முன்வரிசையிலே கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைத் தோழர்கள் சிலர் அமர்ந்திருந்தனர். இரவுப் பணி முடித்து, அரைத் தூக்கம் தூங்கி, பேருந்து மாறி வந்தவர்கள். பேய் பிசாசு என்றால் சிரிப்பவர்கள். சோதிடம் என்றால் சீறுபவர்கள். அவர்களும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல்தான் இந்தக் கட்டுரையை எழுதச் செய்தது.

கூட்டம் கலைந்தபின் அவரை அணுகி, "ஐயா, குடியம் குகைக்குப் போயிருக்கிறீர்களா?" என்று கேட்டேன்.

"அது எந்த நாட்டில் இருக்கிறது?" என்றார்.

தோழர்களே, அது நம் மாவட்டத்தில் இருக்கிறது. அவர் நின்று பேசிய அரங்கிலிருந்து காலையிலே புறப்பட்டால் பகலுணவுக்குத் திரும்பிவிடலாம். குடியத்துக்குப் பிறகு வருவோம். முதலில் மயனைப் பார்த்துவிடுவோம்.

மயன் யார்? பாரதக் கதையிலே வருகிறவன். இந்திரப்பிரத்தத்திலே பாண்டவருக்கு மண்டபம் கட்டிக்கொடுத்த அசுரத் தச்சன். தரையென்று எண்ணினால் தண்ணீர், தண்ணீரென்று எண்ணினால் தரை என்று துரியோதனனைத் தடுமாற வைத்த மண்டபம் அது. இந்த மயனை ஒரு பௌராணிகர் வந்து மேடையில் புகழ்ந்திருந்தால் நாம் என்ன செய்திருப்போம்? புராணப் புளுகு என்றிருப்போம். கல்வெட்டு உண்டா, காசு உண்டா, உடைந்த ஓடாவது உண்டா என்று துளைத்தெடுத்திருப்போம். அதே மயன் 'தமிழன்' என்று சட்டையை மாற்றிக்கொண்டு வந்தால் மட்டும் ஆதாரம் கேட்க நா எழவில்லையே, ஏன்? பொய்க்கு நம் ஊர்த் தையற்காரர் சட்டை தைத்துப் போட்டால் அது மெய்யாகிவிடுமா?

கதை புதிதுமன்று. 1940இலேயே சமன்லால் என்பவர் 'இந்து அமெரிக்கா' என்று ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதி, கொலம்பசுக்கு முற்பட்ட அமெரிக்க நாகரிகமெல்லாம் பாரதத்தின் கொடை என்று சாதித்தார். அங்கே 'இந்து', இங்கே 'தமிழ்'. பெயர்ப்பலகை வேறு, கடை ஒன்று. குமரிமுனையிலே வள்ளுவருக்கு 133 அடிச் சிலை எழுப்பிய கணபதி ஸ்தபதி அவர்களும் மயன் தொடர்பை நம்பினார். அந்நாடுகளுக்கே சென்று, கட்டட முறைகளில் ஒப்புமை கண்டதாகச் சொன்னார். அவருடைய உளிக்கு முன் நான் தலைவணங்குகிறேன். ஆனால் உளி பிடித்த கை பெரிது என்பதற்காக, அந்தக் கை சுட்டிய வரலாறும் சரியாகிவிடாது. கல்லை அடுக்கி உயரக் கட்டுகிறவன் எந்த நாட்டானாயினும் அடியை அகலமாகவும் முடியைக் குறுகலாகவும்தான் கட்டுவான். இதை மயன் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. இடிந்து விழுந்த முதல் சுவரே கற்றுக்கொடுத்துவிடும்.

பெயர் ஒத்திருக்கிறதே என்பார்கள். சென்னைக்கு வாருங்கள், பாரிமுனையைக் காட்டுகிறேன். முல்லைக்குத் தேர் ஈந்த வள்ளல் பாரி அங்கே கடை வைத்திருந்தான் என்று சொன்னால் ஒத்துக்கொள்வீர்களா? அது 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலே வேல்சு நாட்டிலிருந்து வணிகம் செய்ய வந்த தாமஸ் பாரியின் பெயர். மேலும் கேளுங்கள். 'மாயர்' என்ற பெயரைப் பண்டை நகரங்கள் அனைத்தையும் கட்டியவர்கள் தமக்கு இட்டுக்கொள்ளவில்லை. யுகத்தானிலே பிற்காலத்தில் ஓங்கியிருந்த மாயப்பான் என்ற நகரத்தோடு சேர்ந்த பெயர் அது. அயலார் அதை எல்லார் தலையிலும் கட்டினர். குவாதமாலாக் காட்டில் திக்கால் என்று இன்று சுற்றுலாக்காரர் மொய்க்கும் நகரத்தை, அதைக் கட்டியவர்கள் முத்தால் என்று அழைத்தனர். பலெங்கே நகரத்துக்கு அவர்கள் வைத்த பெயர் லாக்கம்ஹா. இதை எந்தத் தமிழ்ச் சொல்லோடு ஒட்டவைப்பது? ஒட்டவைக்கவும் ஆள் இருப்பார்கள், அது வேறு.

பெயரை விடுங்கள். அடுக்களைக்குள் வாருங்கள்.

குழம்பில் என்ன போடுகிறோம்? மிளகாய். இரசத்தில்? தக்காளி. தோட்டத்தில் பப்பாளியும் கொய்யாவும். வழியெல்லாம் சுட்டு விற்கும் மக்காச்சோளம். இவையத்தனையும் அமெரிக்கக் கண்டத்தின் பயிர்கள். போர்த்துகீசியர் கப்பல்கள் நம் கரையைத் தொட்ட பின்னர், அதாவது 1498க்குப் பின்னர், இங்கே வந்து சேர்ந்தவை. சங்கப் பாட்டிலே மிளகு மணக்கிறது, மிளகாய் இல்லை. மயனும் அவன் கூட்டத்தாரும் அங்கே சென்று நூறு நகரங்களைக் கட்டியிருந்தால், வந்து போனவருள் ஒருவராவது ஒரு மிளகாய் விதையை மடியில் முடிந்து வந்திருக்க மாட்டாரா? சரி, கொண்டுவர மறந்தார்கள். கொண்டுபோனது எங்கே? நெல்லைக் கொண்டுபோகவில்லை. மாட்டைக் கொண்டுபோகவில்லை, ஐரோப்பியர் வருமுன் அங்கே ஏர் உழும் எருது கிடையாது. சக்கரத்தைக் கொண்டுபோகவில்லை, மெக்சிகோவிலே களிமண் பொம்மைகளில் சக்கரம் கிடைத்திருக்கிறது, வண்டி கிடைக்கவில்லை. இரும்பைக் கொண்டுபோகவில்லை. இரும்பு! ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு இரும்புக் கருவிகளைப் புதைத்த மக்கள், உலகின் மறுபக்கம் சென்று கோபுரம் கட்டும்போது ஒரே ஒரு உளியைக்கூட எடுத்துச் செல்லவில்லையாம்! மாயர்கள் அந்தச் சுண்ணக் கல்லைக் கல்லாலேயே செதுக்கினார்கள். அவர்கள் வியப்பே அங்கேதான் இருக்கிறது. அதைத்தான் நம் செல்வர் படம்பிடிக்கத் தவறிவிட்டார்.

இதனால் யாருக்கு என்ன கேடு, பெருமைக்காகச் சொல்லிவிட்டுப் போகட்டுமே என்று சிலர் கேட்கக்கூடும். கேட்டைச் சொல்கிறேன்.

அந்தக் கோபுரங்களை அங்குள்ள கருத்த மேனிச் சோளக் குடியானவர்களின் முன்னோர் கட்டியிருக்க முடியாது என்று முதலில் சொன்னவர்கள் நாமல்லர். வெள்ளையர் சொன்னார்கள். எகிப்தியர் கட்டினர் என்றார் ஒருவர். பினீசியர் என்றார் மற்றொருவர். கடலில் மூழ்கிய அட்லாண்டிசு மக்கள் என்றார் இன்னொருவர். கிங்ஸ்பரோ என்ற அயர்லாந்துப் பிரபு, இசுரவேலின் தொலைந்துபோன குலத்தார்தாம் கட்டினர் என்று நிறுவப் பெரும்பெரும் ஏடுகளை அச்சிட்டு, கடனில் மூழ்கி, 1837இல் கடனாளிச் சிறையிலே மாண்டார். 1841இல் ஜான் லாயிட் ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கப் பயணி, காட்டையெல்லாம் சுற்றிக் கண்ணால் கண்டு, எகிப்துமில்லை இசுரவேலுமில்லை, இவற்றைக் கட்டியவர்கள் இந்நாட்டு மக்களின் முன்னோரே என்று எழுதினார். நேரில் சென்று பார்த்தவன் எழுதியது அது. பின்னும் ஓயவில்லை. 1968இல் எரிக் ஃபான் டானிக்கன் என்பவர் வேற்றுக் கோளிலிருந்து வந்தவர்களைக் கூட்டி வந்தார். பலெங்கேயிலே ஒரு மன்னனின் கல்லறை மூடியில் உள்ள சிற்பத்தைக் காட்டி, இதோ விண்கலம் ஓட்டுபவன் என்றார்; நூல் இலட்சக்கணக்கில் விற்றது. அந்தக் கல்லறையில் இருந்தவன் பெயர் பகால். 615 முதல் 683 வரை அரசாண்டவன். கல்லறையை 1952இல் திறந்தவர் ஆல்பர்த்தோ ரூஸ். பகாலின் பெயரும் பட்டமும் நாளும் கோளும் அவன் நாட்டு எழுத்திலேயே அங்கே எழுதப்பட்டிருக்கின்றன.

அந்த எழுத்துக்கு நேர்ந்த கதி தெரியுமா? 1562 சூலையில், மானி என்ற ஊரிலே, தியெகோ தெ லாந்தா என்ற ஸ்பானியப் பாதிரியார் மாயர் ஏடுகளைக் குவித்துக் கொளுத்தினார், சாத்தானின் பொய்கள் என்று சொல்லி. தப்பிப் பிழைத்து இன்று உலகில் இருப்பவை நான்கே நான்கு. கொளுத்திய கையே பின்னர் அம்மக்களின் எழுத்துகளைப் பற்றி ஒரு குறிப்பும் எழுதி வைத்தது. அந்தக் குறிப்பைத் துருப்பாகக் கொண்டு, 1952இல் லெனின்கிராடிலே உட்கார்ந்து, மாயர் எழுத்து ஒலியெழுத்து என்று காட்டினார் யூரி நோரசோவ். மாயர் நாட்டு மண்ணை அவர் மிதித்தது 1990இல்தான். 1960இல் தாத்தியானா புரோஸ்கூரியாகோவ் என்ற பெண்மணி, கல்தூண்களில் இருப்பவை மன்னர்தம் பிறப்பும் முடிசூட்டும் என்று நிறுவினார். ஊமைக் கல்லென்று உலகம் நினைத்தது பேசத் தொடங்கிற்று. பேசிய கல் எதுவும் மயனைப் பற்றிப் பேசவில்லை.

அந்த மக்கள் மறைந்தும் போகவில்லை. கிச்சே, காக்சிகேல், யுகத்தெக் என்று ஏறத்தாழ 30 மொழிகள் பேசிப் பல இலட்சம் பேர் இன்றும் வாழ்கின்றனர். 1992இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற ரிகோபெர்த்தா மென்சூ கிச்சே இனப் பெண். குவாதமாலாவிலே 1960 முதல் 1996 வரை நடந்த உள்நாட்டுப் போரில் 2 இலட்சம் பேர் கொல்லப்பட்டனர் அல்லது காணாமற்போயினர் என்று 1999இல் உண்மை கண்டறியும் ஆணையம் அறிக்கை தந்தது. அடையாளம் காணப்பட்டவர்களில் 100க்கு 83 பேர் மாயர். நிலத்தைப் பறித்தார்கள், ஏட்டை எரித்தார்கள், உயிரையும் குடித்தார்கள். எஞ்சியிருப்பது, 'எம் பாட்டன் கட்டினான்' என்ற ஒரே சொல். அதையும் பிடுங்க, கடல் கடந்து, நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு, திருவள்ளூரிலிருந்து ஒருவர் போகவேண்டுமா? உன் பாட்டனுக்கு எழுதத் தெரியாது, கட்டத் தெரியாது, எல்லாம் வந்தவன் தந்தது என்று நம்மைப் பார்த்துச் சொன்னபோது நமக்கு எப்படி எரிந்தது? அந்த எரிச்சலை மறந்துவிட்டா கைதட்டினோம்?

மெக்சிகோவுக்குப் போகக்கூடாது என்று நான் சொல்லவில்லை. பணமுள்ளவர் போகட்டும், சிச்சேன் இட்சாவின் பெருங்கோபுரத்தில் பக்கத்துக்கு 91 படிகளை எண்ணிப் பார்க்கட்டும், நான்கு பக்கமும் சேர்த்து உச்சித் தளத்தையும் ஒன்றாகக் கூட்டினால் 365 வருவது கண்டு வியக்கட்டும். 2012 திசம்பர் 21இல் உலகம் அழியும் என்று மாயர் சொன்னதாகக் கதை கட்டிக் காசு பார்த்த கூட்டத்தை நினைத்துச் சிரிக்கட்டும். கண்ணைத் திறந்துகொண்டு போகட்டும், அவ்வளவுதான்.

இனி, குடியம்.

கும்மிடிப்பூண்டித் தோழர்கள் ஊத்துக்கோட்டை வழியாகப் பூண்டிக்கு வரலாம். 1944இல் கட்டி முடித்த நீர்த்தேக்கம் எல்லாருக்கும் தெரியும்; சென்னை குடிக்கும் தண்ணீர். அதற்கருகே, 1985இல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை அமைத்த தொல்பழங்கால அகழ்வைப்பகம் எத்தனை பேருக்குத் தெரியும்? அங்கிருந்து மேற்கே அல்லிக்குழி மலைக்காட்டில் நடந்தால் குடியத்தின் பாறைக் குடைவு வாய் திறந்து நிற்கும். உருண்டைக் கற்களைப் பாகிலே போட்டு இறுக்கியதுபோன்ற பாறை. அந்த உருண்டைக் கல்தான் பழங்கற்கால மனிதனின் மூலப்பொருள். 1962 முதல் 1964 வரை பானர்ஜி தலைமையில் இந்தியத் தொல்லியல் துறை அங்கே அகழ்ந்து கற்கருவிகளை எடுத்தது. இன்று குகையின் வாயிலிலே ஓர் அம்மன் இருக்கிறாள். கும்பிட வருகிறவர் வழி கேட்காமலே வந்துவிடுகிறார்கள். படித்தவர்தாம் எந்த நாடு என்கிறார்.

பக்கத்திலே அத்திரம்பாக்கம், கொற்றலையாற்றில் கலக்கும் ஓடையின் கரையில். இந்த ஊரின் கதை தொடங்குவது பல்லாவரத்திலே. 1863 மே 30ஆம் நாள், நிலவியல் துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரம் படைத்திடலின் சரளைக் குழியிலே ஒரு கல்லை எடுத்தார். அது மனிதக் கை தட்டிச் செதுக்கிய கல். அந்த ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தைக் கண்டனர். காலத்தைக் கவனியுங்கள். பிரான்சு நாட்டிலே சுங்க அலுவலர் பூஷே தெ பெர்த் இத்தகைய கற்களைக் காட்டி, மனிதன் வேதநூல் சொல்லும் காலத்தைவிட மிகப் பழையவன் என்றபோது அறிஞர்கள் எள்ளி நகைத்தனர், 1859இல்தான் ஒப்புக்கொண்டனர். டார்வின் நூல் வெளிவந்த ஆண்டும் அதுவே. நான்கே ஆண்டில் அந்த அறிவு நம் செம்மண்ணுக்கு வந்துவிட்டது. நாம்தாம் இன்னும் அதனிடம் போய்ச் சேரவில்லை.

1999 முதல் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் முதலிய ஆய்வாளர்கள் அத்திரம்பாக்கத்தில் அகழ்ந்தனர். ஆழத்துக் கற்கருவிகளின் வயது சராசரி 15 இலட்சம் ஆண்டு என்றும், எப்படிக் குறைத்தாலும் 10 இலட்சத்துக்குக் குறையாது என்றும் 2011இல் வெளியிட்டனர். எப்படிக் கண்டார்கள்? ஞானதிருட்டியாலா? வானிலிருந்து ஓயாது பொழியும் அண்டக் கதிர்கள், வெளியில் கிடக்கும் படிகக் கல்லுக்குள் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற இரு அணுவகைகளை உண்டாக்குகின்றன. கல் ஆழப் புதைந்தால் வரவு நின்றுவிடும். செலவு மட்டும் நடக்கும். அலுமினியம் பெரிலியத்தைப்போல் இருமடங்கு விரைவாக அழியும். எஞ்சிய இரண்டின் விகிதத்தை அளந்தால், கல் எப்போது புதைந்தது என்று கணக்கிடலாம். ஐயமுள்ளவர் மீண்டும் அளக்கலாம். பிழை கண்டால் திருத்தலாம். திரேதா யுகம் 12,96,000 ஆண்டு என்று பஞ்சாங்கமும் இலட்சத்தில்தான் பேசுகிறது. அதை எந்தக் கருவியால் அளந்தாய் என்று கேட்டுப் பாருங்கள்.

மேல் அடுக்குகளில் இன்னொரு செய்தி. கனத்த கைக்கோடரியை விட்டு, சிறு சிறு செதில் கருவிகளைத் திட்டமிட்டுப் பெயர்த்தெடுக்கும் நுட்பம் அங்கே ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தோன்றிவிட்டதென்று 2018இல் அறிவித்தார்கள். அந்த நுட்பம் இந்தியாவுக்கு மிகப் பின்னரே வந்ததென்று எழுதி வைத்திருந்த பாடங்களைத் திருத்த நேர்ந்தது. உலகப் பாடநூலைத் திருத்தவைத்த ஓடைக்கரை, தோழர்களே, உங்கள் ஆலைச் சங்கொலிக்குச் சில காத தூரத்தில் இருக்கிறது.

இங்கே உங்கள் கை மீண்டும் தட்டத் துடிப்பது எனக்குத் தெரிகிறது. "15 இலட்சம் ஆண்டுத் தமிழன்!" என்ற சுவரொட்டி கண்முன் நிழலாடுகிறது. நிறுத்துங்கள். அந்தக் கோடரியைச் செதுக்கியவன் தமிழனல்லன். நம்மைப்போன்ற மனிதனே அல்லன். நம் மனித வகையின் மிகப் பழைய எலும்புகள் ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டுக்குரியவை, மொராக்கோவில் கிடைத்தவை. அத்திரம்பாக்கத்தில் கருவி கிடைத்தது. அதைச் செய்தவனின் எலும்பு கிடைக்கவில்லை. அவன் என்ன மொழி பேசினான், பேசினானா என்பதே தெரியாது. கல்லுக்கும் மண்ணுக்கும் முன்பே தோன்றிவிட்டோம் என்று மேடையில் முழங்குவது நமக்கு இனிக்கிறது. கல்லையும் மண்ணையும் குனிந்து பார்ப்பதுதான் கசக்கிறது. மெக்சிகோவிலே மாயன் பாட்டனைத் திருடாதே என்று சொன்ன வாயால், அத்திரம்பாக்கத்திலே பெயரறியாதவனுக்குப் பட்டா எழுதிக்கொள்ள நான் ஒப்பமாட்டேன்.

பட்டா தேடுகிற நேரத்தில் காவல் தேடலாம். வீட்டுக்கும் சாலைக்கும் ஆலைக்கும் சரளையும் செம்மண்ணும் வெட்டி லாரியில் போகின்றன. ஃபூட் கல்லெடுத்ததும் ஒரு சரளைக் குழியில்தான் என்பதை நினைவில் வையுங்கள். குழி தோண்டுகிறவன் கண் திறந்திருந்தால் வரலாறு கிடைக்கும். மூடியிருந்தால் அது வீட்டு மனைக்கு நிரப்பு மண்ணாகிவிடும். ஒரு கருவியை அது கிடந்த அடுக்கிலிருந்து பெயர்த்துவிட்டால் வயதும் போயிற்று, சான்றும் போயிற்று, வெறும் கல். ஆகவே போகிற தோழர்கள் எதையும் பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள், பெருமைக்காகவும் வேண்டாம்.

அன்று கைதட்டிய தோழர்களில் மூவரை அடுத்த ஞாயிறு பூண்டிக்கு அழைத்துச் சென்றேன். செல்வரையும் அழைத்தேன். "அங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்டுவிட்டு அவர் வரவில்லை. மூவரில் ஒருவர் லேத் ஓட்டுபவர். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த கைக்கோடரி ஒன்றின் முன் நெடுநேரம் நின்றார். மற்ற இருவரும் வெளியே சென்று தேநீர் குடித்துத் திரும்பியபோதும் அங்கேயே நின்றிருந்தார். பிறகு விரலால் காற்றிலே ஒரு கோடு இழுத்து, "அண்ணே, இதோ பாருங்கள். இந்தப் பக்கம் தட்டும்போதே அந்தப் பக்கம் எங்கே உடையும் என்று கணக்குப் போட்டிருக்கிறான். நடுக்கோடு வளையவே இல்லை. வரைபடம் இல்லாமல் எங்கள் பட்டறையில் இதை யாரும் செய்யமாட்டார்கள்" என்றார். சற்றுப் பொறுத்து, "இந்த ஒன்று சரியாக வருவதற்குள் எத்தனை கல்லைக் கெடுத்து வீசியிருப்பான்? அந்தக் கெட்ட கற்களும் கிடைத்திருக்கின்றனவா?" என்று கேட்டார்.

கிடைத்திருக்கின்றன என்றேன். அத்திரம்பாக்கத்துக்குப் போகும் பேருந்து எத்தனை மணிக்கு என்று விசாரிக்க அவர் வெளியே சென்றார்.